பத்துப் பவுனும் பத்து ஷில்லிங்கும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இம்மேடையில் ஆண்டுதோறும் பேராசிரியர்களும் புலவர்களும் பேசக் கேட்டு மகிழ்ந்தவன் நான். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்டு இரயில்வேக் குமாஸ்தாவாகப் பேனா பிடித்தவனுக்குச் சரித்திரம் பேச என்ன தகுதி என்று செயலாளரிடம் கேட்டேன். "தாங்கள் கார்டன் ரீச்சைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பீர்களே, அதைச் சொன்னால் போதும்" என்றார். ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கரக்பூர்க் காலனியில் வாழும் நம்மில் பலர் தலைமை அலுவலகக் காரியமாகக் கல்கத்தா கார்டன் ரீச்சுக்குச் சென்று வந்தவர்களே. ஹௌராவில் இறங்கி, பஸ் ஏறி, கோப்பைக் கொடுத்து, கையெழுத்துக்காக மாலை வரை காத்திருப்போம். அவ்வாறு காத்திருந்த ஒரு நாளில் ஹூக்ளி ஆற்றங்கரை ஓரமாக நடந்து சென்றேன். அங்கே ஒரு துறைக்குச் 'சுரினாம் காட்' என்று பெயர். சுரினாம் என்பது தென்னமெரிக்காவில் டச்சுக்காரர்கள் ஆண்ட நாடு. அதன் பெயர் இந்த ஆற்றங்கரைக்கு எவ்வாறு வந்தது? விசாரித்தபோதுதான் தெரிந்தது, கார்டன் ரீச்சிலும் கிதிர்ப்பூரிலும் ஒரு காலத்தில் வரிசையாக ஆள் அனுப்பும் டிப்போக்கள் இருந்தன என்று. பிஜிக்கு ஒன்று, டெமராராவுக்கு ஒன்று, சுரினாமுக்கு ஒன்று. சரக்குக்கு நாம் கொட்டகை வைத்திருப்பது போல மனிதர்க்குக் கொட்டகை. 2011-ஆம் ஆண்டில் அக்கரையில் அவர்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டது. அன்று முதல் ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் இது பற்றிக் கிடைத்ததைப் படித்து வருகிறேன்.

கரும்புத் தோட்டம் என்றவுடன் நமக்குப் பாரதியார் நினைவுக்கு வருகிறார். பிஜித் தீவில் நம் மாதர் பட்ட துயரத்தை அவர் பாடினார். நாமும் கண்ணீர் விட்டோம். ஆனால் அவர்கள் ஏன் அங்கே போனார்கள், அழைத்தவன் யார், அனுப்பியவன் யார், வழிச் செலவைக் கொடுத்தவன் யார் என்று நம்மில் கேட்டவர்கள் குறைவு. குமாஸ்தா கேட்கும் கேள்விகள் இவை. இவற்றுக்கு விடையும் காகிதத்திலேயே கிடைக்கிறது.

1833-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் செய்தது. மறு ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. மிக நல்ல காரியம். அதோடு 2 கோடி பவுன் நஷ்ட ஈடும் ஒதுக்கினார்கள். யாருக்கு? சவுக்கடி பட்டவனுக்கு அன்று, சவுக்குப் பிடித்தவனுக்கு! அடிமைக்கு ஒரு செப்புக் காசும் இல்லை. இந்த நஷ்ட ஈட்டுக்காக எழுப்பிய கடனின் மிச்சம் 2015-இல்தான் தீர்ந்தது என்று அந்நாட்டுக் கருவூலமே தெரிவித்தது. கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில் இச்செய்தி என்னைத் திடுக்கிடச் செய்தது. நம் கொள்ளுப்பாட்டனார் காலத்துப் பற்று, நம் காலத்தில் தான் வரவு வைக்கப்பட்டிருக்கிறது!

பணம் கைக்கு வந்தது. கரும்பும் வயலில் நின்றது. வெட்ட ஆள் இல்லை. விடுதலை பெற்ற அடிமைகள் பழைய தோட்டத்தின் பக்கம் திரும்பிப் பார்க்கவும் விரும்பவில்லை. 1834-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள் 'அட்லாஸ்' என்னும் கப்பல் கல்கத்தாவிலிருந்து 36 பேரை மொரீஷியஸ் தீவில் இறக்கிற்று. அத்தீவுக்கு மட்டும் பின்னர் ஏறத்தாழ நாலரை இலட்சம் இந்தியர் சென்றனர். 1838-இல் 'விட்பி', 'ஹெஸ்பரஸ்' என்னும் கப்பல்கள் பிரிட்டிஷ் கயானாவை அடைந்தன. பிரெஞ்சுக்காரர் புதுச்சேரி, காரைக்கால் வழியாகத் தம் தீவுகளுக்கு ஆள் ஏற்றினர். டச்சுக்காரர் 1873-இல் சுரினாமுக்கு ஏற்றினர். ஐரோப்பிய வல்லரசுகள் ஒன்றையொன்று கடித்துக்கொண்டன என்று பள்ளியில் படித்தோம்; நம்மைக் கப்பல் ஏற்றுவதில் மட்டும் அவர்கள் ஒப்பந்தம் செய்துகொண்டு ஒற்றுமையாகவே நடந்தார்கள்.

இங்கே ஒரு நியாயம் சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஊரை விட்டுப் போனவர்கள் நம்மவர் மட்டும் அல்லர். அந்நூறாண்டுகளில் ஏறத்தாழ ஐந்து கோடி ஐரோப்பியர் கடல் கடந்தனர் என்று மதிப்பிடுகிறார்கள். அவர்களுள் பெரும்பாலோர் ஏழைகள். அயர்லாந்தில் 1845 முதல் உருளைக் கிழங்குப் பயிர் அழுகிப்போய்ப் பெரும் பஞ்சம் வந்தது. 1841-இல் 80 இலட்சத்துக்கு மேல் இருந்த மக்கள் தொகை 1851-இல் 65 இலட்சமாகக் குறைந்தது. மாண்டவர்கள் போக மிஞ்சியவர்கள் மரக்கலம் ஏறினார்கள். 1847-இல் காய்ச்சலோடு கனடா சென்றவர்களுள் 5,000-க்கு மேற்பட்டோர் குவெபெக்கிற்கு அருகேயுள்ள குரோஸ் ஈல் என்ற ஒரே தீவில் புதைக்கப்பட்டார்கள். பசி வெள்ளையனையும் விட்டுவைக்கவில்லை. அவர்களது துயரைச் சிறிதாகச் சொல்லி நம் துயரைப் பெரிதாக்க நான் வரவில்லை.

ஆயினும் ஒரே கரையில் இறங்கிய இருவரை எடுத்துக்கொள்வோம். நேட்டால் என்னும் தென்னாப்பிரிக்க நாடு 1843-இல் பிரிட்டிஷார் வசமாயிற்று. 1849 முதல் 1851 வரை பைர்ன் என்ற ஓர் ஏஜெண்டு அங்கே குடியேறும்படி இங்கிலாந்து மக்களை அழைத்தார். கப்பலின் அடித்தட்டில் பயணம் செய்யப் பத்துப் பவுன் கட்டினால், இறங்கியதும் தலைக்கு இருபது ஏக்கர் நிலம். பலர் சென்றார்கள். பைர்ன் நொடித்துப் போனார். பலருக்குக் கிடைத்த நிலம் கல்லும் கரடும். இருப்பினும் அவன் எங்கும் போகலாம், எத்தொழிலும் செய்யலாம். அந்த நிலமோ சூலு மக்கள் மாடு மேய்த்த மண். அவர்களிடம் யாரும் பத்துப் பவுன் கொடுத்ததாக நான் படித்ததில்லை.

1851-இல் மோர்வுட் என்பவர் அந்நாட்டில் முதன்முதலாகச் சர்க்கரை காய்ச்சினார். உடனே பழைய கேள்வி எழுந்தது: வெட்டுவது யார்? சூலு மக்களுக்குச் சொந்தக் கால்நடையும் வயலும் இருந்தன. அற்பக் கூலிக்கு அயலான் வயலில் குனிய அவர்கள் இசையவில்லை. ஆகவே 1859-இல் சட்டம் ஒன்று பிறந்தது. 1860-ஆம் ஆண்டு அக்டோபரில் 'ட்ரூரோ' என்னும் கப்பல் சென்னைத் துறையை விட்டுக் கிளம்பி, நவம்பர் 16-ஆம் நாள் 342 பேரோடு டர்பனை அடைந்தது. இதில் இரயில்வேக்காரர்களுக்கு ஒரு செய்தி உண்டு. தென்னாப்பிரிக்காவின் முதல் இரயில் அதே டர்பனில் அதே 1860-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் நாள் ஓடியது. சுமார் இரண்டு மைல் பாதைதான். தண்டவாளம் வந்து ஐந்து மாதத்தில் தமிழன் வந்தான். பின்னாளில் நேட்டால் சர்க்கார் இரயில்வேயும் நம்மவரை ஒப்பந்தத்தில் எடுத்தது. டர்பன் நகரில் 'ரயில்வே பாரக்ஸ்' என்ற குடியிருப்பு இருந்தது. ஆம், அதுவும் ஒரு காலனியே.

ஒப்பந்தத்தின் விவரம் இது. ஐந்தாண்டு வேலை. முதலாண்டு மாதம் பத்து ஷில்லிங். ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் உயர்ந்து ஐந்தாம் ஆண்டில் பதினான்கு. பெண்ணுக்கு அதில் பாதி. அரிசியும் பருப்பும் கருவாடும் உப்பும் தோட்டத்தார் அளப்பார்கள். இருபது ஷில்லிங் ஒரு பவுன் என்ற கணக்கை இளைஞர்கள் மறந்துவிடக் கூடாது. அவன் பத்துப் பவுன் கட்டி இருபது ஏக்கருக்குப் போனான். இவன் பத்து ஷில்லிங்குக்கு ஐந்தாண்டைக் கட்டிக் கொடுத்துப் போனான். இருவரையும் துரத்தியது வறுமையே. ஒருவன் கையில் மண்ணையும் மற்றவன் காலில் கட்டையும் வைத்தது சட்டம். இவனுக்கும், பத்தாண்டு கழித்துத் திரும்பும் கப்பல் கட்டணத்துக்கு ஈடாக நிலம் தரலாம் என்று முதற் சட்டத்தில் ஒரு விதி இருந்தது. மிகச் சிலரே அதனால் பயன் பெற்றனர். 1891-இல் அவ்விதியையும் எடுத்துவிட்டார்கள்.

ஆள் சேர்ப்பது எவ்வாறு நடந்தது? ஆளுக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்கும் சேர்ப்பாளர்கள் வட ஆர்க்காட்டிலும் செங்கற்பட்டிலும் சந்தைக்குச் சந்தை, சத்திரத்துக்குச் சத்திரம் திரிந்தார்கள். 1876-78 பெரும் பஞ்சத்தில் நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியம் போதுமென்று ரிச்சர்டு டெம்பிள் துரை அளந்த காலம் அது. இலட்சக்கணக்கானோர் மாண்ட அக்காலத்தில், வயிறாரச் சோறு போடும் டிப்போவின் வாசலில் ஒருவன் போய் நின்றால், அவன் 'விருப்பத்தோடு' சென்றான் என்று எழுதலாமா? மாஜிஸ்திரேட்டு கேட்டார், அவன் சம்மதித்தான், ரேகை வைத்தான். காகிதம் சரியாகவே இருக்கிறது. தாமாகவே ஊரை உதறிப் போனவர்களும் இருந்திருப்பார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. சேரியில் பிறந்த ஒருவனுக்கு எசமானின் தோட்டத்தைவிட ஊரார் வைத்த வேலி கொடியதாக இருந்திருக்கலாம். அந்த வேலியை வைத்தவன் வெள்ளையன் அல்லன். இதை இந்த மேடையில் சொல்வது சிலருக்குக் கசக்கும். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கப்பலில் ஏற்றுமுன் ஒவ்வொருவர் பெயரையும் பேரேட்டில் எழுதினார்கள். அப்பேரேடுகள் தென்னாப்பிரிக்க ஆவணக் காப்பகத்தில் இன்றும் உள்ளன, கணிப்பொறியிலும் ஏற்றிவிட்டார்கள். அவற்றின் தலைப்புகளைப் பார்த்தேன்: வரிசை எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம். பார்சல் ஆபீசில் இருந்தவர்களுக்கு இது பழகிய காரியமே. அனுப்புகிறவர், பெறுகிறவர், எடை, மூட்டையின் குறி! மூட்டை கிழிந்திருந்தால் அதையும் குறிப்போம். இங்கே தழும்பைக் குறித்தார்கள். எழுதியவர் பெரும்பாலும் நம்மைப் போன்ற ஒரு குமாஸ்தாவே. காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினார். முனுசாமி 'மூன்சாமி'யானார். அப்பெயரே பேரன் பேத்திகளுக்குக் குடும்பப் பெயராக இன்று நிற்கிறது.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு பழைய காரியம் நினைவுக்கு வந்தது. சொல்ல வெட்கமே, எனினும் சொல்கிறேன். உத்தியோகத்துக்கு வந்த புதிதில் ஓரிடத்தில் மஸ்டர் ரோல் எழுதும் வேலை எனக்கு. நம் பக்கத்து ஆள் ஒருவர் தினக்கூலிக்குச் சேர்ந்தார். அவசரத்தில் அவர் தகப்பனார் பெயரை வேறு மாதிரி எழுதிவிட்டேன். அவர் திருத்தச் சொல்லவில்லை, எழுத்தறியாதவர். பல ஆண்டுகளுக்குப் பின் அவர் காலமானார். அவர் மனைவி பணத்துக்கு மனுப் போட்டபோது, ஊர்ச் சான்றிதழில் ஒரு பெயர், எங்கள் தாளில் ஒரு பெயர். அந்த அம்மாள் பதினான்கு மாதம் நடந்தார். எந்த மேசைக்குப் போனாலும் என் கையெழுத்தையே காட்டித் திருப்பி அனுப்பினார்கள். பிறகு நானே பிரமாண வாக்குமூலம் கொடுத்துச் சரி செய்தேன். ஒரே நாட்டுக்குள், ஒரே மொழி பேசும் என் பேனா செய்த காரியம் இது. கடலுக்கு அப்பால் யாரை அழைத்து வாக்குமூலம் வாங்குவது?

மஸ்டர் பற்றி இன்னுமொன்று. மொரீஷியஸில் 'இரட்டை வெட்டு' என்ற விதி இருந்தது. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலி பிடித்தம். காய்ச்சலில் படுத்தவன் மாதக் கடைசியில் தோட்டத்துக்கே கடன்காரன்! நேட்டாலில் எசமானின் எழுத்துச் சீட்டு இன்றித் தோட்டத்துக்கு வெளியே காணப்பட்டவன் சிறைக்குப் போனான். எசமான்மீது முறையிடச் செல்வதற்கும் அதே எசமானின் சீட்டு வேண்டும். 1894-இல் பாலசுந்தரம் என்ற தமிழர், முன் பற்கள் உடைந்து இரத்தம் வழிய, தலைப்பாகையைக் கையில் ஏந்தியவராகக் காந்தி என்ற இளம் வக்கீலின் அறைக்குள் நுழைந்தார். எசமான் அடித்த அடி அது. ஐரோப்பியர் எதிரில் நம்மவர் தலைப்பாகையை அவிழ்க்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். காந்தியடிகள் முதலில் அதைத் தலையில் கட்டிக்கொள்ளச் சொன்னார். இக்காட்சியை அவரே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

ஐந்தாண்டு முடிந்தவன் என்ன ஆனான்? காய்கறி பயிரிட்டான், கூடையில் சுமந்து விற்றான், கடை வைத்தான். கரும்பு வெட்டும்வரை வேண்டப்பட்டவன், கடை வைத்ததும் வேண்டாதவன் ஆனான். 1895-இல் நேட்டால் ஒரு சட்டம் செய்தது. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல், மறுபடி ஒப்பந்தத்திலும் சேராமல் தங்குகிறவன் ஆண்டுதோறும் வரி கட்ட வேண்டும். முதலில் கேட்டது 25 பவுன்; இந்திய வைசிராய் எல்ஜின் பிரபு 3 பவுனுக்கு இசைந்தார். மூன்று பவுன் அறுபது ஷில்லிங். ஐந்தாம் ஆண்டின் உயர்ந்த கூலியான பதினான்கு ஷில்லிங் வாங்கியவனுக்கு நான்கு மாதச் சம்பளத்துக்கு மேல். 16 வயது தாண்டிய மகனுக்கும் 13 வயது தாண்டிய மகளுக்கும் தனித்தனியே மூன்று பவுன். கணவன், மனைவி, ஒரு மகன், ஒரு மகள் என்றால் பன்னிரண்டு பவுன். முன்பு நான் சொன்ன இங்கிலாந்துக்காரன் வாழ்நாளில் ஒரு முறை கட்டிய பத்துப் பவுனைவிட அதிகம்; இதை ஆண்டுதோறும் கட்ட வேண்டும், ஒரு குழி நிலமும் பெறாமல்.

இவ்வரி ஒழிந்த கதையைப் பெரியோர்கள் அறிவர். 1913-இல் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களில் நம் பெண்கள் போய்ப் பேசினார்கள். சுரங்கத் தொழிலாளர் வேலையை விட்டு வெளியேறினர். நவம்பர் 6-ஆம் நாள் காந்தியடிகளின் பின்னே எல்லையைக் கடந்தவர்கள் 2,037 ஆடவர், 127 பெண்டிர், 57 குழந்தைகள். அவர்களுக்கு ரொட்டியும் சர்க்கரையும் பங்கிட்ட கணக்குக்கூட எழுதப்பட்டிருக்கிறது. தில்லையாடி வள்ளியம்மை சிறையில் பெற்ற காய்ச்சலோடு வெளிவந்து 1914 பிப்ரவரி 22-ஆம் நாள் மறைந்தாள். அவ்வாண்டிலேயே வரி நீங்கியது. நேட்டாலுக்கு ஆள் ஏற்றுவது அதற்கு முன்பே, கோகலேயின் முயற்சியால், 1911-இல் நின்றுவிட்டது. அதுவரை சென்றவர் தொகை 1,52,184. அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னையிலிருந்து சென்றவர்கள்.

நம் விழாக்களில் ஒரு வழக்கம் உண்டு. "திரைகடல் ஓடிய தமிழர் வழிவந்த நாமும் வங்கத்தில் குடியேறியுள்ளோம்" என்று பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். இப்போது அவ்வாறு சொல்ல நாக்கு எழவில்லை. நாம் நியமன உத்தரவோடு வந்தோம். ஆண்டுக்கு இத்தனை பாஸ் என்று எண்ணி வாங்குகிறோம். அம்மாவுக்கு உடல்நலம் இல்லை என்று செய்தி வந்தால் அன்றிரவே மெயிலில் ஏறுகிறோம். விடுமுறை தர மறுக்கும் மேலதிகாரியை வீட்டில் வந்து திட்டுகிறோம், சங்கத்திலும் திட்டுகிறோம். நமக்கு வாய்த்தது உத்தியோகம். அவர்களுக்கு வாய்த்தது வேறு. அதை ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்வது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

இவ்வளவு ஆர்வம் எனக்கு ஏன் என்று நண்பர்கள் கேட்பதுண்டு. என் தகப்பனாரின் பாட்டனாருக்கு ஒரு தமையனார் இருந்தார். வட ஆர்க்காட்டில், பாலாற்றங்கரையில் எங்கள் ஊர். தம்பி சிறுவனாக இருக்கையில் அவர் ஒரு நாள் வாலாஜாச் சந்தைக்கு மாடு பிடித்துக்கொண்டு போனார். மாடு திரும்பி வந்தது, அவர் வரவில்லை. 'நெட்டாலுக்குப் போனவர்' என்றே எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர். பிதிர்க் கடன் செய்கையில் அவர் பெயரைச் சொல்வதா விடுவதா என்று ஒவ்வோர் ஆண்டும் பெரியவர்களிடையே பேச்சு எழும். செத்தவர் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லையே!

மகன் கணிப்பொறியில் தேடிக் கொடுத்தான். அவர் பெயரில் பலர் இருக்கிறார்கள். எங்கள் தாலுகாவிலிருந்து மட்டும் நால்வர். கிராமத்தின் பெயர் இரண்டில் தெளிவாக இல்லை. தகப்பன் பெயர் ஒன்றில் ஒத்துவருவது போலவும் இருக்கிறது, வராதது போலவும் இருக்கிறது. எங்கள் பெரியம்மாவுக்கு எண்பத்தாறு வயது. போன கோடையில் ஊர் சென்றபோது அவரிடம் நால்வரையும் வாசித்துக் காட்டினேன். கடைசிக் கட்டத்தில் ஒருவருக்கு இடது முழங்காலில் தழும்பு, ஒருவருக்கு நெற்றியில் வடு, ஒருவருக்கு முதுகில் மச்சம், ஒருவருக்கு ஒன்றும் குறிக்கவில்லை. பெரியம்மா நெடுநேரம் யோசித்தார். "அவருக்குக் குரல் நன்றாக இருக்குமாம், தெருக்கூத்தில் பாடுவாராம். தழும்பு இருந்ததா என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லையே, அப்பா" என்றார்.